லோனப்பேட்டனின் நெஞ்சில் நாற்பது ரூபாய்

லாட்டரி விற்கிறவள் காலையில் மகாலட்சுமி, சாயங்காலம் மூதேவி. மத்தியானம் மூன்று மணிக்குக் குலுக்கல் முடிகிற வரைக்கும் "தாட்சாயணிச் சேச்சி, உங்க கையால குடுங்க" என்று கொஞ்சுகிறவன்தான், நாலு மணிக்கு டிக்கெட்டைக் கிழித்து என் மேசைமேலேயே போட்டுவிட்டு, "உன் கையில என்ன கரியா இருக்கு?" என்று கேட்பான். நானும் சும்மா விடமாட்டேன். "உன் மூஞ்சிக்கு ஒரு கோடி விழுந்தா அந்தக் கோடிக்கே கேவலம்டா" என்பேன். கொடகரை ஜங்ஷனில், சுப்ரனின் சாயாக்கடையை ஒட்டி, ஒரு மடக்கு மேசையும் ஒரு குடையுமாக இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியிருக்கிறது.

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஒரு சொல் கடிந்து பேசாத ஒரே ஆள் லோனப்பேட்டன். தினம் ஒரு டிக்கெட் எடுப்பார். வாங்கியதும் கண்ணை மூடி அதை நெற்றியில் ஒற்றிக்கொள்வார். ஒரு தடவைகூட, நூறு ரூபாய்கூட, விழுந்தது கிடையாது. ஆனாலும் முகம் கோணமாட்டார். மீசையை நீவிக்கொண்டு சாயாக்கடைக்கே கேட்கிற மாதிரி சொல்லுவார்.

"விழலைன்னா என்னடா இப்ப? நம்ம காசு எங்க போகுது? சர்க்காருக்கு. சர்க்கார் என்ன பண்ணுது? ஏழைபாழைக்கு ஆஸ்பத்திரிச் செலவு பண்ணுது. இன்னிக்கு யாரோ ஒருத்தன் கிட்னிக்கு நான் நாப்பது ரூபா குடுத்திருக்கேன். நீங்கல்லாம் சூதாடறீங்க. நான் தர்மம் பண்றேன்."

"இதுவரைக்கும் எத்தனை கிட்னி ஆச்சு லோனப்பேட்டா?" என்று சுப்ரன் சாயா ஆற்றிக்கொண்டே கேட்பான்.

"கிட்னி ஒரு நாப்பது இருக்கும். நெஞ்சு ஆபரேஷன் தனி."

இதைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே அவர் தர்மப் பிரபு ஆகிவிட்டார். அவருடைய மனைவி கொச்சுத்ரேசியா மட்டும் அதை ஒத்துக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறபோது என் மேசை முன்னால் நின்று, நான் என்னவோ அவர் புருஷனை மயக்கி வைத்திருக்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

லோனப்பேட்டனுக்குத் தொழில் பேண்ட் செட்டில் ட்ரம்பெட் ஊதுவது. எங்கள் பக்கம் சர்ச் பெருநாள்களில் பேண்ட் இல்லாவிட்டால் புனிதரே வெளியே வரமாட்டார் என்று பேச்சு. அந்த ஜனவரியில் அம்புப் பெருநாள் ஊர்வலம் ஜங்ஷனைத் தாண்டும்போது, லோனப்பேட்டன் முதல் வரிசையில் கன்னம் இரண்டும் உப்ப ஊதிக்கொண்டு வந்தார். உச்சத்தில் போன பாட்டு சட்டென்று ஒற்றைச் சுரமாக இழுத்து, கீழே இறங்கி, நின்றுபோனது. புது மெட்டு போலிருக்கிறது என்று நாலு பேர் கைதட்டினார்கள். அவர் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது.

மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் மூன்று குழாய் அடைப்பு. ஆபரேஷன் பண்ணியே ஆக வேண்டும், ஒரு மாதம்கூடத் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொன்னார். செலவுக்கு வழி கேட்டபோது அங்கே சகாயப் பிரிவில் இருந்த லின்ஸி என்கிற பெண் சிரித்தமுகமாக ஒரு படிவத்தை நீட்டினாள்.

"கவலைப்படாதீங்க அப்பச்சா. உங்க ரேஷன் கார்டுக்குக் கண்டிப்பா கிடைக்கும். லாட்டரி லாபத்துல வர்ற நிதி. இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

நான் மனசுக்குள் அப்பாடா என்றேன். லோனப்பேட்டன் படிவத்தை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி அவளிடமே கொடுத்தார்.

"எந்த நிதி? நான் குடுத்த நிதியா?"

"நீங்க குடுத்ததா?"

"இருபத்திரண்டு வருஷமா குடுத்திருக்கேன் மோளே. ஊர்ல யாரை வேணா கேளு. குடுத்ததைத் திருப்பிக் கேக்கறவன் மனுஷனா? குடுத்த கையை நீட்டி வாங்கச் சொல்றியே, நல்லாருக்கா?"

"அப்ப ஆபரேஷனுக்கு என்ன பண்ணுவீங்க?"

"விழும்," என்றார். "எனக்கு விழ வேண்டியது பாக்கி இருக்கு. விழுந்ததும் வந்து படுத்துக்கறேன்."

வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்! கொச்சுத்ரேசியா அழுதார், கத்தினார், பாதிரியாரை அழைத்து வந்தார். பாதிரியாரிடம் இவர், "ஃபாதர், காணிக்கைப் பெட்டியில போட்டதைத் திரும்ப எடுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். பாதிரியார் சாயாவை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டாராம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, லோனப்பேட்டன் என் மேசைக்கு வந்தார். நாற்பது ரூபாயை நீட்டினார். இந்த மனுஷன் செத்தால், கடைசி டிக்கெட் என் கையால் வாங்கியதாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்பேன்?

"டிக்கெட் இல்லை," என்றேன்.

"முன்னாடி தொங்கறது என்ன, வாழைத்தாரா?"

"உங்களுக்கு இல்லை. படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டு வாங்க, கட்டோட தர்றேன்."

"ஓஹோ. ஊர்ல வேற ஆளே இல்லைன்னு நெனப்போ?"

எதிர்ப்பக்கம் விற்கிற குஞ்ஞுமொய்துவிடம் போனார். நான் முந்திய நாளே ஜங்ஷனில் விற்கிற ஐந்து பேரிடமும் பேசி வைத்திருந்தேன். குஞ்ஞுமொய்து மட்டும் முதலில் முனகினான். "தினம் ஒரு டிக்கெட் போகுமே சேச்சி" என்றான். "ஆள் போயிட்டா தினம் ஒரு டிக்கெட்டும் சேர்ந்துதான்டா போகும், அறிவுகெட்டவனே" என்றதும் ஒத்துக்கொண்டான்.

ஐந்து பேரும் கை விரித்துவிட்டார்கள். தர்மப் பிரபு நடுஜங்ஷனில் நாற்பது ரூபாயை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சர்க்கார் லாட்டரியை ஒரு குடிமகனுக்கு விக்கமாட்டேங்கறீங்களா? கலெக்டருக்கு எழுதுவேன்!"

"எழுதுங்க," என்றேன். "கையெழுத்துப் போடப் பழகின மாதிரியும் இருக்கும்."

சாயாக்கடை மொத்தமும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். எனக்கு ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

எங்கே ஜெயித்தேன்! மூன்றாம் நாள் அந்த மனுஷன் யாருக்கும் சொல்லாமல் சாலக்குடிக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. ஒன்றல்ல, பன்னிரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறார். திரும்பி வருகிற பஸ்ஸில் படியில் கால் வைத்தவர் அப்படியே கண்டக்டர் மேல் சாய்ந்துவிட்டார்.

போன் வந்தபோது நான் மேசையைக்கூட மடிக்கவில்லை. சுப்ரனிடம் "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். நான் ஒரு டிக்கெட் கொடுத்திருந்தால் இந்த மனுஷன் பஸ் ஏறியிருக்கமாட்டாரே. புத்திசாலித்தனம் பண்ணுகிறேன் என்று நானே ஆளைக் கொன்றுவிட்டேனா?

மெடிக்கல் காலேஜ் வார்டில் லோனப்பேட்டன் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார். உடம்பெல்லாம் ஒயர். சட்டையைக் கழற்றிய நர்ஸிடம் போராடி, பன்னிரண்டு டிக்கெட்டையும் தலையணைக்கு அடியில் வாங்கி வைத்திருந்தார். கட்டிலின் ஒரு பக்கம் கொச்சுத்ரேசியா. மறுபக்கம் லின்ஸி, அதே படிவத்தோடு.

"சேச்சி, நீங்களாவது சொல்லுங்க," என்றாள் லின்ஸி. "நாளைக்குக் காலையில ஆபரேஷன் தியேட்டர் காலியா இருக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள இது போகணும். விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. அவர் தாங்கமாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார்."

"மூணு மணிக்குக் குலுக்கல்," என்றார் லோனப்பேட்டன் மெல்லிய குரலில். "பன்னெண்டு டிக்கெட் இருக்கு."

மூன்று மணி ஆனது. நானே என் போனில் பார்த்தேன். பன்னிரண்டும் வழக்கம்போல யாரோ ஒருவர் கிட்னிக்குப் போய்விட்டன. சொன்னேன். அவர் முகட்டைப் பார்த்தபடி, "நாளைக்கும் குலுக்கல் இருக்கு" என்றார்.

கொச்சுத்ரேசியா என் பக்கம் திரும்பினார். "போதுமா தாட்சாயணி? உன் மேசைக்கு வந்து வந்துதான் இந்த மனுஷன் இப்படி ஆனார். தர்மமாம் தர்மம். இப்ப அந்தத் தர்மமே தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. எடுத்து விடு, பாக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் புத்தி கொஞ்சம் நன்றாக வேலை செய்யும். ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"லோனப்பேட்டா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டிக்கெட் வாங்கினதும் கண்ணை மூடி நெத்தியில ஒத்துவீங்களே. அப்ப என்ன வேண்டிக்குவீங்க?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல."

"'ஆண்டவரே, இந்த டிக்கெட் விழக்கூடாது, இந்த நாப்பது ரூபா ஏழைக்குப் போகட்டும்'னா?"

பக்கத்துக் கட்டிலில் கால் கட்டோடு கிடந்த ஆள் களுக்கென்று சிரித்தான்.

"ஆண்டவர்கிட்ட சொன்னது எனக்குத் தெரியாது. என்கிட்ட சொன்னது தெரியும். சொல்லட்டுமா?"

"தாட்சாயணி, வேண்டாம்."

"மொத வருஷம், விழுந்தா லாரி வாங்குவேன்னீங்க. பின்னாடி 'லோனப்பன் அண்ட் சன்ஸ்'னு எழுதணும்னீங்க. சன்ஸே கிடையாது, அது வேற விஷயம். அப்புறம் சொந்த பேண்ட் செட். இருபத்தஞ்சு பேர், எல்லாருக்கும் சிவப்புக் கோட்டு, உங்களுக்கு மட்டும் வெள்ளை. அப்புறம் பெட்ரோல் பங்க். ஒரு ஓணத்துக்கு யானை வாங்கறேன்னீங்க. இதுல எங்கேயாவது ஒரு கிட்னி வந்துதா?"

"மெதுவாப் பேசு."

"கடைசியா ஆறு வருஷமா ஒரே பேச்சு, மூணு மாடி வீடு. மூணாவது மாடி எதுக்குன்னு நான் கேட்டேன். என்ன சொன்னீங்க?"

லோனப்பேட்டன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிற மாதிரி நடித்தார். தலைமாட்டில் அந்த மிஷின் மட்டும் வேகவேகமாகக் கீச்சிட்டது.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் கொச்சுத்ரேசியா.

அந்தக் குரலைக் கேட்டபிறகு நான் சொல்லாமல் இருந்தால் எனக்கும் அதே வார்டில் ஒரு கட்டில் வேண்டியிருக்கும். சொல்லிவிட்டேன்.

"மூணாவது மாடியில அவருக்கு ஒரு அறையாம். த்ரேசியா சேச்சி கீழ இருந்து கூப்பிட்டாக் கேக்கக்கூடாதாம். அதுக்குத்தான் மூணு மாடி. ரெண்டு மாடின்னா உங்க குரல் எட்டிடும்னார்."

வார்டே சிரித்தது. கால் கட்டுக்காரன் சிரித்த சிரிப்பில் அவனுடைய கட்டில் ஆடியது. லின்ஸி படிவத்தால் வாயை மூடிக்கொண்டாள். கொச்சுத்ரேசியா மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர் ஒன்று விலகியிருந்ததைச் சரி பண்ணிவிட்டார்.

"கையெழுத்துப் போடுங்க," என்றார். "எழுந்து வந்து மாடி கட்டிக்குங்க. எத்தனை மாடி வேணா கட்டிக்குங்க. நான் கீழயே இருந்துக்கறேன். கூப்பிடவே மாட்டேன்."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது. கலங்கினால் காரியம் கெட்டுவிடும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிடியை விடாமல் பிடித்தேன்.

"சொல்லுங்க லோனப்பேட்டா. தர்மமா, ஆசையா?"

உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"இங்க கேக்கலை சேட்டா," என்றான் கால் கட்டுக்காரன்.

"ஆசைடா!" என்று கத்தினார் லோனப்பேட்டன். மிஷின் தாறுமாறாகக் கீச்சிட, நர்ஸ் ஓடிவந்தாள். "ஆசை! ஒரு நாள்கூட நான் தர்மம்னு எடுக்கலை. ஒவ்வொரு நாளும் விழும் விழும்னுதான் எடுத்தேன். விழாதப்ப அழுகையா வரும். ஊர் முன்னாடி அழ முடியுமா? அதான் கிட்னி கிட்னின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். போதுமா?"

"போதும்," என்றேன். "அப்ப நீங்க எதையும் குடுக்கலை. குடுக்காததை எப்படித் திருப்பி வாங்க முடியும்? உங்க கை குடுத்த கையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்க எல்லார் கை மாதிரியும் வெறும் கைதான். நீட்டுங்க."

லின்ஸி அந்தக் கையில் பேனாவை வைத்தாள். அவர் போட்டார். லோ என்ற எழுத்து ஒழுங்காக வந்தது. மீதி பெருநாள் கொடி மாதிரி ஆடிக்கொண்டு போனது. மணி நாலு ஐம்பது. லின்ஸி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. நானும் கொச்சுத்ரேசியாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஜெபமாலை உருட்டினார். நான் குருவாயூரப்பனைக் கூப்பிட்டேன். யார் போன் எடுத்தார்கள் என்று தெரியாது. ஆள் பிழைத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. மூன்று மாதம் கழித்து லோனப்பேட்டன் முதல் தடவையாக ஜங்ஷனுக்கு வந்தார். மெதுவாக நடந்து, சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பழைய வழக்கப்படி சட்டைப்பையில் இருந்து ஒரு பீடியை எடுத்தார். வாயில் வைக்கவில்லை, அதற்குள் சுப்ரன் பறித்துவிட்டான்.

"என்னடா இது?"

"இருபது வருஷமா வாரம் ரெண்டு டிக்கெட் நானும் எடுக்கறேன் லோனப்பேட்டா. ஒண்ணும் விழலை. அந்தக் காசு எங்க போச்சு? இதோ இங்க போச்சு." அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "என் காசு உள்ள இருக்கு. அதுல புகை விடாதீங்க."

"என்னோட காசும் உள்ள இருக்கு," என்று எதிர்ப்பக்கத்தில் இருந்து குஞ்ஞுமொய்து கத்தினான். "போன வெள்ளிக்கிழமை விக்காம மிச்சமான மூணு டிக்கெட் என் தலையில!"

அவ்வளவுதான். டிக்கெட் எடுத்துத் தோற்ற ஒருவன் பாக்கியில்லாமல் லோனப்பேட்டன் நெஞ்சுக்குப் பங்குதாரன் ஆகிவிட்டான். கள்ளுக்கடையில் இவர் மாட்டிறைச்சி வறுவல் கேட்டால், "எண்ணெய் இல்லாம குடு, என் காசு அது" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வரும். கொஞ்சம் வேகமாக நடந்தால் ஆட்டோக்காரன் பிரேக் போட்டு, "ஏறு ஏறு, போன மாசம் மட்டும் எட்டு டிக்கெட்" என்பான். சாயாவில் சர்க்கரை போடுவதற்குக்கூட சுப்ரன் ஜங்ஷனைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பான். என்னிடம் வந்து டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறவர்களும் இப்போது என்னைத் திட்டுவதில்லை. "எங்க அந்தக் கிழவன்? மருந்து சாப்பிட்டானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

"நூறு பேருக்கு நெஞ்சு குடுத்தேன்னு சொல்லிட்டிருந்தேன்," என்று லோனப்பேட்டன் ஒருநாள் என்னிடம் புலம்பினார். "இப்ப என் ஒரு நெஞ்சுக்கு நூறு மொதலாளி!"

அடுத்த ஜனவரி பெருநாளுக்கு அவரை ஊதவிடுவதா வேண்டாமா என்று சாயாக்கடையில் பெரிய வழக்கே நடந்தது. ஒரே ஒரு பாட்டு, அதுவும் ஜங்ஷனில் நின்றபடி என்று முதலாளிகள் தீர்ப்பு சொன்னார்கள். ஊர்வலம் வந்தது. பேண்ட் நின்றது. லோனப்பேட்டன் ட்ரம்பெட்டை உயர்த்தி உதட்டில் வைத்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். போன வருஷம் நின்றுபோன அதே உச்சத்துக்குப் பாட்டு ஏறியது, நின்றது, அங்கேயே நின்று நிதானமாகச் சுழன்றது. அப்புறம் பத்திரமாகக் கீழே இறங்கியது.

"பாருடா, என் நாப்பது ரூபா என்னமா ஊதுது!" என்று யாரோ கத்தினார்கள். ஜங்ஷன் அதிர்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் என் மேசை முன்னால் கொச்சுத்ரேசியா நிற்கிறார். கையில் மடித்த நோட்டு.

"ஒரு டிக்கெட் குடு தாட்சாயணி."

"சேச்சி, நீங்களா?"

"அந்த வார்டுல இன்னிக்கு எவளோ ஒருத்தி புருஷன் படுத்திருப்பான்ல. குடு."

இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் தர்மத்துக்கென்று டிக்கெட் வாங்கிய முதல் ஆள் இவர்தான். இருந்ததிலேயே நல்ல எண்ணாகப் பார்த்துக் கிழித்துக் கொடுத்தேன். வாங்கியவர் இரண்டு பக்கமும் பார்த்தார். புருஷன் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், கண்ணை மூடி, டிக்கெட்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"ஹும், சேச்சி," என்றேன். "என்ன வேண்டிக்கிட்டீங்க?"

கொச்சுத்ரேசியா டிக்கெட்டை ஜாக்கெட்டுக்குள் சொருகினார். அந்தப் பக்கம் லோனப்பேட்டன், முதலாளிகள் தடுக்கத் தடுக்க, இரண்டாவது பாட்டை ஊத ஆரம்பித்துவிட்டார்.

"மூணு மாடி வீடு," என்றார் கொச்சுத்ரேசியா. "மேல் மாடி எனக்கு."